பாலத்தில் கூப்பிட வேண்டிய பெயர்

சாவோ பாவ்லோ
9 மார்ச் 1987

அடி பியாபா,

ஆற்றுத்தாய் உன்னைக் காக்கட்டும். உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எந்தக் காலத்தில் தப்பித்திருக்கிறேன்?

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் விழுந்துவிட்டேன். தடுக்கி விழவில்லை. புதுச் சோப்பை எப்போது கடைக்கு அனுப்புவது என்று கூட்டம் நடந்தது. மேசையைச் சுற்றி டையும் கோட்டுமாக ஆண்கள், நடுவில் விற்பனை இயக்குநர் என்று நான். யாரோ மாதிரி வாசனைப் புட்டியைத் திறந்தார்கள். மழைக்கு அப்புறம் நம் ஆறு மணக்குமே, அந்த மணம். உடனே காதில் முரசு கேட்டது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கம்பளத்தில் கிடந்தேன். என் செயலாளர் முகம் வெளிறிப்போய்ச் சொன்னாள்: "மேடம், நீங்க விழறப்ப சிரிச்சீங்க. அதான் எங்களுக்கு ரொம்ப பயமாப் போச்சு."

மருத்துவர் இதயம், மூளை, ரத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வேலைப்பளு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் பெரியம்மா வீட்டு விழாவில், முரசு மாறியதும் பெண்கள் மரம் மாதிரி சாய்வதை வேலி இடுக்கில் நின்று பார்த்தோமே, மறந்துவிட்டாயா? ஆற்றுத்தாய், அந்த ஓஷும் தெய்வம், என் தலையைக் கேட்கிறாள். அந்தத் தலையில் முறைப்படி தெய்வ வீட்டுத் தாய் ஒருத்தி கை வைத்து, சில வாரம் உள்ளறையில் உட்கார வைத்து, அவளுக்கு ஒப்புக்கொடுக்கும் வரை விடமாட்டாள்.

என் புருஷன் அன்செல்மோ செத்து இரண்டு வருஷமாகிறது. பிள்ளை இல்லை, குட்டி இல்லை. இந்தப் பதினோராவது மாடி வீட்டில் நான் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. பயமாக இருக்கிறதடி. பெரியம்மாவுக்குப் பிறகு அந்தத் தெய்வ வீட்டுக்குத் தாய் நீதானே, உன் வீட்டில், உன் கையால் செய்துவிடு. சுருட்டாலையில் இலை பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் ஞாயிறுதோறும் எனக்குப் பேன் பார்த்துப் பின்னிவிட்ட கைதானே?

தேதி மட்டும் சொல். விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வருகிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உன் வலக்கையாக இருக்கும் அர்லிண்டாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
ஜோவி


சாவோ ஃபெலிக்ஸ்
2 ஏப்ரல் 1987

என் நெட்டைக் கழுதை ஜோவிக்கு,

தெய்வங்கள் உன் வாசலில் குளிர்ந்து நிற்கட்டும். இங்கே அனைவரும் சுகம். என் காலுக்கு ஒன்றுமில்லை, பழைய செருப்பு கடிக்கிறது. ஏறி இறங்க அலுப்பாக இருக்கிறது என்று கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டுக்கொண்டேன்.

பியாபா என்று நீ என்னைக் கூப்பிட்டதைப் படித்துச் சிரித்தேன், மீதியைப் படித்ததும் சிரிக்கவில்லை. சோழி போட்டுப் பார்த்தேன். காத்திருக்கச் சொல்கிறது. அவசரப்படாதே. வெள்ளிக்கிழமை வெள்ளை உடுத்து. தலைமாட்டில் ஒரு குவளை தண்ணீர் வைத்துத் தூங்கு. காலையில் அதைச் செடிக்கு ஊற்று.

இங்கே நடந்த கூத்தைக் கேள். போன வாரம் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். மருத்துவர் என்னை உப்பைத் தொடாதே என்றதிலிருந்து எந்த டப்பாவில் எதை ஒளித்து வைக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. ஒரு வாய் குடித்ததும் எனக்குக் குமட்டியது. என்னைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்திருந்த, நான் தலையில் கை வைத்து மகள்களாக்கியவர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எப்படிடீ இருக்கு காப்பி?"

"அருமையா இருக்கும்மா."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"உங்க கையால தந்தா போதும்மா."

நீயாக இருந்திருந்தால் சுவரில் துப்பியிருப்பாய். "ஏண்டி, என்னைக் கொல்லப் பாக்கறியா?" என்று கத்தியிருப்பாய். அன்று ராத்திரி வரைக்கும் உன் ஞாபகம்தான். மேயர் பெண்டாட்டி வந்து என் காலடியில் குப்புற விழுந்து ஆசி கேட்கிறாள். போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறான். என்னைத் திட்டுவதற்கு மட்டும் இந்த ஊரில் ஒரு நாதி கிடையாது.

நன்றாகச் சாப்பிடு. மருந்துக்கடைத் தொலைபேசியில் கூப்பிடாதே. அங்கே ஊரே காதைக் கொடுத்துக் கேட்கிறது.

அன்புடன்
ஒனரீனா


சாவோ பாவ்லோ
11 மே 1987

பியாபா,

உனக்கும் வீட்டாருக்கும் ஆற்றுத்தாயின் அருள் குறையாமல் இருக்கட்டும். காலுக்குப் புதுச் செருப்பு ஒன்று அனுப்பியிருக்கிறேன். எங்கள் கம்பெனி சோப்பும் ஒரு பெட்டி இருக்கிறது. மேயர் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிடாதே, நீ போட்டுக் குளி.

நீ சொன்னபடி வெள்ளை உடுத்தினேன், தண்ணீர் வைத்தேன், காத்திருந்தேன். பத்து நாள் நன்றாக இருந்தது. போன வியாழன் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் பெரிய கட்டடம் ஒன்றுக்குப் போனேன். வாயிற்காவலன் என் கறுத்த முகத்தைப் பார்த்தான். பட்டுச் சட்டையையோ கைப்பெட்டியையோ பார்க்கவில்லை. "வேலைக்காரங்க லிஃப்ட் அந்தப் பக்கம்மா" என்றான். முன்பெல்லாம் இதற்குச் சண்டை போடுவேன். அன்று தெம்பில்லை. அந்த லிஃப்டிலேயே ஏறினேன். யாரோ குப்பைக் கூடையில் வாடிய பூக்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். அந்த வாசனைக்கே மறுபடியும் முரசு கேட்டுவிட்டது. கண் விழித்தபோது கீழ்த்தளத்துக் கார் நிறுத்தத்தில் லிஃப்ட் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, என் கால் குறுக்கே கிடந்ததால். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது.

அங்கே உட்கார்ந்து அழுதேன். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சோழியை மறுபடி போட்டுப் பாரேன். ஜூன் விழாவுக்கு வருகிறேன், அப்படியே உள்ளே உட்கார்ந்துவிடுகிறேன். உனக்கு உடம்பு சரியில்லையா? மேலே ஏறி இறங்க அலுப்பு என்று நீ எழுதியது எனக்கு உறுத்துகிறது. பாலத்தை ஒரே மூச்சில் ஓடிக் கடந்து அக்கரைக் காஷொய்ராவில் நின்று என்னைப் பார்த்துக் கை தட்டுகிறவளாயிற்றே நீ.

உடனே பதில் போடு.

ஜோவி


சாவோ ஃபெலிக்ஸ்
20 ஜூன் 1987

ஜோவி,

சுகம், சுகமறிய ஆவலாக இருக்கிறேன். செருப்பு அளவாக இருக்கிறது.

இப்போது வராதே. கூரை பிரித்துப் போட்டிருக்கிறது, வீடெல்லாம் சுண்ணாம்பு, படுக்க இடமில்லை. சோழி இன்னும் காத்திரு என்றுதான் சொல்கிறது. என்ன செய்வது?

கையெழுத்து சாய்ந்திருக்கிறது என்று கேலி செய்யாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், சோம்பேறித்தனம்தான். உடம்பைப் பார்த்துக்கொள். லிஃப்டில் தனியாக ஏறாதே.

ஒனரீனா


சாவோ பாவ்லோ
24 ஆகஸ்ட் 1987

பெருமதிப்புக்குரிய ஒனரீனா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் வீட்டிலிருந்து விழா அழைப்பிதழ் வந்தது. வழக்கமான விலாசங்களுக்கு அனுப்பும்போது அர்லிண்டா எனக்கும் சேர்த்து அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது. ஐந்து புது மகள்கள் வெளியே வரும் விழா. ஐந்து தலைகள்! கூரை பிரித்த வீட்டில் அவர்களுக்குப் படுக்க இடம் கிடைத்தது குறித்து மகிழ்ச்சி. ஐந்து பேருக்கும் சரியென்று சொன்ன சோழிக்கு என் தலையைக் கண்டால் மட்டும் வாய் கட்டிப் போகிறது.

காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். நான் கம்பெனிக்காரி. பணக்காரி. துணி துவைக்காத, வெங்காயம் உரிக்காத கை. இவளெல்லாம் நம் பாயில் எங்கே உட்காரப் போகிறாள் என்று தாங்கள் நினைத்திருக்கலாம். நேராகச் சொல்லியிருக்கலாமே, அம்மா. நாற்பத்தைந்து வருஷப் பழக்கத்துக்கு அந்த மரியாதையாவது எனக்குக் கிடைத்திருக்கலாம்.

ஜூலையில் மூன்று தடவை விழுந்தேன். கடைசித் தடவை நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் வால்டிர்தான் என்னைத் தூக்கினார். அந்த மனிதர் பதினைந்து வருஷமாகப் புறநகரில் குஸ்தோடியோ ஐயாவின் தெய்வ வீட்டில் முரசு அடிக்கிறவராம்! யாருக்கும் தெரியாது. ஐயா நம் ஊர்ப்பக்கத்துக்காரர். அவர் சோழி போட்டார். "எப்பவோ செய்திருக்கணும்மா, இவ்வளவு நாள் எப்படித் தாங்கின?" என்றார்.

செப்டம்பர் முதல் தேதி உள்ளே போகிறேன். மூன்று வாரம் கடிதம் கிடையாது, செய்தி கிடையாது. அதற்குப் பிறகும் சில நாள் அங்கேதான் இருப்பேன். விலாசம் தர விரும்பவில்லை. அப்புறம் ஒரு வருஷம் வெள்ளை உடுத்தி, விதிப்படி நடப்பேன்.

தங்கள் ஆசியைக் கேட்டு எழுத வேண்டும் என்பது முறை. கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்
ஜோவினா


சாவோ ஃபெலிக்ஸ்
3 செப்டம்பர் 1987

ஜோவி, என் ஜோவி,

அந்தத் தாங்களையும் அம்மாவையும் கொண்டுபோய் ஆற்றில் போடு. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அர்லிண்டா விசிறினாள். "யாரும்மா செத்துட்டாங்க?" என்று கேட்டாள். அவளை அனுப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இனி மறைக்க எதுவும் இல்லை. கேள்.

முதல் தடவை உனக்காகச் சோழி போட்டபோதே அது ஆமாம் என்றது. இரண்டாம் தடவையும் ஆமாம்தான். காத்திரு என்று சொன்னது நான். இத்தனை வருஷத்தில் சோழியின் பேரைச் சொல்லி நான் பொய் பேசியது உன்னிடம் மட்டும்தான். நெற்றியில் தையல் என்று நீ எழுதிய வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. அந்தக் காயம் நான் போட்டது.

ஏன் என்று கேட்பாய். கை வைத்தால் நீ என் மகள். காலையில் வந்து என் முன்னால் குப்புறப் படுத்து ஆசி கேட்பாய். என் காலடியில் பாயில் உட்கார்ந்து, நான் கொடுக்கும் உப்புக் காப்பியை அருமை என்பாய். விதி அப்படி. நீ விதியை மீற மாட்டாய், எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள். எனக்கு மகள்கள் நிறைய இருக்கிறார்கள். தோழி ஒருத்திதான் இருக்கிறாள். அவளையும் மகளாக்கிவிட்டால் நான் யாரிடம் போய் அழுவேன்?

இன்னொன்றும் இருக்கிறது. பிப்ரவரியில் சல்வதோர் போய் மருத்துவரைப் பார்த்தேன். இதயம் ஓய்ந்துவிட்டதாம், தண்ணீர் காலிலிருந்து மேலே ஏறுகிறது. அடுத்த ஜூன் விழாவைப் பார்க்க மாட்டேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை, ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் அந்த ஐந்து தலைகளையும் அவசர அவசரமாகச் செய்தேன். ஆறேழு வருஷமாக வாசலில் காத்துக் கிடந்த பிள்ளைகள். நடுவழியில் விட்டுப் போக மனசு வரவில்லை. செருப்பு கடிக்கவில்லை ஜோவி. செருப்புக்குள் கால் நுழையவே இல்லை.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பெரியம்மா செத்தபோது நீயும் பாலத்தில் நின்றாய். பெட்டியைப் பாலத்து முனையில் இறக்கி வைப்பார்கள். வீட்டுப் பிள்ளை அல்லாத ஒருத்தர், கூடவே வளர்ந்த ஒருத்தர், சின்ன வயசுப் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட வேண்டும். அப்போதுதான் போகிறவள் திரும்பிப் பார்த்து, இது நான்தான் என்று தெரிந்துகொண்டு அக்கரைக்குப் போவாள். மகள்கள் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவர்கள் வாயில் அம்மா என்றுதான் வரும். அம்மா என்பது இந்த வீட்டு நாற்காலி, நாளைக்கு அதில் அர்லிண்டா உட்காருவாள். பியாபா என்பது ஆற்றில் கைக்கு அகப்படாமல் வழுக்குகிற சின்ன மீன் பெயர். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடுகிறவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். நீ என் மகளாகிவிட்டால் அதுவும் போச்சு.

இதற்காகத்தான் நீ விழ விழப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயாக எனக்கு எல்லாம் தெரிந்தது, பியாபாவாக மனசு வரவில்லை.

இப்போது மனசு வந்துவிட்டது. உன் தலை பெரிது, என் பெயர் சின்னது. அங்கே உள்ளே போகாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பி வா. அர்லிண்டா பிடித்துக்கொண்டால் என்னால் எழுந்து நிற்க முடியும். கை வைக்கிறேன். பாலத்தில் கூப்பிட ஆள் இல்லாமல் போனால் போகட்டும். அது வரைக்கும் ஒரு வாரமாவது என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டு.

சாப்பிட்டாயா? காயம் ஆறிவிட்டதா? அதையும் எழுது. இல்லை, எழுதாதே, வந்து சொல்.

உன்
பியாபா


சாவோ ஃபெலிக்ஸ்
22 செப்டம்பர் 1987

அன்புள்ள ஜோவினா அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல அர்லிண்டா எழுதுவது. தாங்கள் நலம்தானே? அம்மாவுக்குக் கை எழுத வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கோவமா இருக்கியாடி? இரு. ஆனா கோவமா இருக்கேன்னு ஒரு வரி போடு. நீ வரலைன்னாலும் சரி, அந்த ஐயா நல்லவர்னா அவர் கையே போதும். உன் தலை குளிர்ந்துச்சான்னு மட்டும் தெரியணும். மரவள்ளி அடை செய்யச் சொல்லியிருக்கேன், நீ வந்தா சாப்பிடுவியேன்னு."

இதற்கு மேல் தூங்கிவிட்டார். அவர் அறியாமல் நான் ஒரு வரி சேர்க்கிறேன். சீக்கிரம் வாருங்கள் அக்கா.

ஆசி வேண்டும்
அர்லிண்டா


சாவோ பாவ்லோ, குஸ்தோடியோ ஐயா வீடு
4 அக்டோபர் 1987

அடி பியாபா,

ஆற்றுத்தாய் உன்னையும் என்னையும் குளிர வைக்கட்டும்! எப்படி இருக்கிறாய்? கால் எப்படி இருக்கிறது? உன்னைத் தாங்கள் என்று எழுதிய என் கையை நீ வந்து முறி.

நான் பிறந்துவிட்டேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை முரசுக்கு நடுவில் என்னை வெளியே கொண்டுவந்தார்கள். என் தலை மொட்டை! விற்பனை இயக்குநர் மொட்டைத் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, கழுத்தில் மஞ்சள் மணியோடு, பாயில் உட்கார்ந்து கையால் சாப்பிடுகிறாள். வால்டிர் வந்து, "மேடம், அடுத்த கூட்டத்துக்கு மேசைய எடுத்துட்டுப் பாய் விரிச்சுடலாமா?" என்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டு வருஷத்தில் நான் இப்படிச் சிரித்தது இப்போதுதான்.

விழுவது நின்றுவிட்டது பியாபா. தலைக்குள் ஆறு ஓடுகிற மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் உன் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. உனக்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். எனக்கு அதுகூட இனி வேண்டாம். யோசித்துப் பார்த்தால் இதுவும் நல்லதுக்குத்தான். உன் கையால் செய்திருந்தால் உன்னை இப்படி அடியே என்று கூப்பிட முடியுமா? நான் இன்னும் உன் தோழிதான், உன் காலில் விழ வேண்டியதில்லை!

இன்னும் இரண்டு வாரம் இங்கேதான் இருப்பேன், பிறகுதான் வீட்டுக்குப் போவேன். தபால்பெட்டி பிதுங்கிக் கிடக்கும். விதிகள் நிறைய இருக்கின்றன. ஒரு வருஷத்துக்குச் சுடுகாடு, இடுகாடு, சாவு வீடு எதன் பக்கமும் போகக் கூடாது. எனக்கு யார் இருக்கிறார்கள் சாக? ஆனால் உன்னைப் பார்க்க வரலாம், ஐயாவிடம் கேட்டுவிட்டேன். கழுத்து மணி அவிழ்ந்ததும் டிசம்பரில் வருகிறேன். கிறிஸ்துமஸ் வெண்டைக்காய்க் குழம்பு செம்பனை எண்ணெய் மிதக்க மிதக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன்
மொட்டை ஜோவி


சாவோ ஃபெலிக்ஸ்
6 அக்டோபர் 1987

அன்புள்ள ஜோவினா அக்காவுக்கு,

அர்லிண்டா எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு வார்த்தை வரவில்லை, மன்னியுங்கள்.

அம்மா செப்டம்பர் முப்பதாம் தேதி புதன்கிழமை காலையில் போய்விட்டார். உங்கள் வீட்டுக்குத் தந்தி கொடுத்தோம். கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தது. நீங்கள் இருக்கிற வீட்டின் விலாசம் எங்களுக்குத் தெரியாது. சாவோ பாவ்லோவிலிருந்து வந்த ஒருவரைக் கேட்டோம். குஸ்தோடியோ என்ற பெயரில் அங்கே பலர் இருக்கிறார்களாம்.

கடைசி வாரம் அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கண்ணைத் திறப்பார். "வந்துச்சா?" "இல்லம்மா." "ஊருக்குக் கிளம்பிட்டா போல. அதான் எழுதல." தினமும் இதே பேச்சு. மரவள்ளி அடையை மூடி வைக்கச் சொல்வார். சாயங்காலம் எங்களையே சாப்பிடச் சொல்வார்.

பாலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். வழக்கப்படி பெட்டியைப் பாலத்து முனையில் இறக்கினோம். நீங்கள் எப்படியும் வந்துவிடுவீர்கள் என்று ரயில் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினான்.

"என்னாச்சு, ஏன் நடுப்பாதையில நிக்கிறீங்க?"

"ஒருத்தர் வரணும்பா."

"வருவாங்களா?"

நான் மறுபடி ரயில் வருகிற பக்கம் பார்த்தேன். அவன் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்றான்.

சின்னவள் ஒருத்தி என் காதில் அழுதாள். "நீங்களே கூப்பிட்ருங்கக்கா. பேரு உங்களுக்குத் தெரியுமே. அம்மா இங்கயே நின்னுட்டா என்ன பண்றது?" தெரியும் அக்கா. உங்கள் பழைய கடிதங்களை அம்மாவுக்கு மறுபடி படித்துக் காட்டியது நான்தானே, கடைசி வாரங்களில் கண் மங்கின பிறகு. விதியை மீறியாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அம்மா. சுற்றி நின்ற அத்தனை பேரும் அழுதார்கள்.

வெயில் ஏறிவிட்டது. கூப்பிட வேண்டிய நேரத்துக்குச் சும்மா நின்றோம். பிறகு தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனோம்.

இனி ஒரு வருஷம் வீடு மூடியிருக்கும். எங்கள் எல்லார் தலையிலும் அம்மாவின் கை இருக்கிறது. செத்தவரின் கை தலையில் இருக்கக் கூடாது என்பதால், சல்வதோரிலிருந்து ஒரு பெரிய அம்மா வந்து ஒவ்வொருவர் தலையிலிருந்தும் அதை எடுப்பார். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உங்கள் தலையில் எடுக்க ஒன்றும் இல்லை.

இதை ஆறுதலாகத்தான் எழுதினேன். எழுதிய பிறகு ஆறுதலாகத் தெரியவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அர்லிண்டா


சாவோ பாவ்லோ
2 நவம்பர் 1987

அடி பியாபா,

இந்தக் கடிதத்தை எந்த வாழ்த்தோடு தொடங்குவது என்று தெரியவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் முடியாது. இதை அர்லிண்டாவுக்கு அனுப்புகிறேன். பாலத்து முனையில் நின்று உனக்குப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். உன் பெயர் வருகிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுத்தான் படிப்பாள், பாவம். அந்த இடங்களில் என் குரலை வைத்துக்கொள்.

எல்லாம் ஒரே நாளில் கிடைத்தன. வீட்டுக்கு வந்தேன், தபால்பெட்டியைத் திறந்தேன், பாயில் உட்கார்ந்து தேதி வரிசையில் அடுக்கிப் படித்தேன். நீ வா என்று எழுதிய நாளில் நான் உள்ளே போய் இரண்டு நாளாகியிருந்தது. நீ சைக்கிள் மணிக்குக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தபோது நான் சுவரின் அந்தப் பக்கம் தலை மழித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். நீ போய் நான்கு நாள் கழித்து, எனக்கு யார் இருக்கிறார்கள் சாக என்று உனக்கே எழுதியிருக்கிறேன்.

விலாசம் தர விரும்பவில்லை என்று எழுதினேனே. அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஐயாவிடம் ஓடினேன். காலில் விழுந்து கேட்டேன்.

"ஒரு நாள், ஐயா. ஒரே நாள். பாலத்துல நின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டு வந்துடறேன்."

"முடியாதும்மா. உன் தலை இப்பத்தான் பிறந்த குழந்தை. செத்தவங்களக் கூப்பிட்டா அவங்க உன்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுவாங்க. உனக்கும் ஆகாது, போக வேண்டிய அவங்களுக்கும் ஆகாது."

"அவ எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா, ஐயா."

"தெரியும். ஒரு வருஷம் போகட்டும்."

அவர் கண்ணும் கலங்கியது. நல்லவர்தான், பியாபா. உன் கவலை தீரட்டும் என்று சொல்கிறேன், என் தலை குளிர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் எரிகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன், இப்போது மேசையில் காகிதமெல்லாம் உன் பெயர்தான்.

பொய் சொன்னதற்கு உன்னைத் திட்ட வேண்டும் என்று பார்க்கிறேன். சோழியை இழுத்துப் பொய் சொல்கிற அளவுக்கு உனக்கு என்னடி அப்படி ஒரு ஆசை என் மேல்? உன் காலில் விழுந்துவிட்டுப் பின்கட்டில் வந்து உன்னைத் திட்டியிருப்பேனே. விதியை மீற மாட்டேன் என்று உனக்கு யார் சொன்னார்கள்? கேட்டிருக்கலாமே. அந்த உப்புக் காப்பியை உன் முகத்திலேயே துப்பியிருப்பேன்.

என் தலையில் எடுக்க ஒன்றும் இல்லை என்று அர்லிண்டா எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாது. முடி இப்போதுதான் முளைக்கிறது. தடவிப் பார்த்தால் காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது, நீ பேன் சீப்பை அழுத்தி இழுத்ததில் பட்டது. அப்போது எனக்குப் பத்து வயசு, அலறினேன், நீ ஊதிவிட்டாய். எந்த அம்மா வந்தும் அதை எடுக்க முடியாது.

அடுத்த அக்டோபரில் என் வருஷம் முடிகிறது, உன் வீட்டுத் துக்கமும் முடிகிறது. முதல் ரயிலில் வருகிறேன். பாலத்து முனையில் நின்று, ஊர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக் கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் அக்கரைக்கும் போகாமல் இக்கரைக்கும் வராமல் நீ அங்கேயே நின்றுகொண்டிருப்பாய். கால் வேறு உனக்கு வீக்கம்.

நீ என்னைப் பொய் சொல்லிக் காக்க வைத்தாய். நான் உண்மையாகவே கேட்கிறேன்.

பியாபா, காத்திரு.

உன்
ஜோவி